சோழர் சைனியமும் சித்திரக்கதையும்

தஞ்சையில் மாபெரும் சோழர் அருங்காட்சியகம் ஒன்று நிறுவப்படும் என்று 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து வரவு செலவுத் திட்டத்தில் தமிழக அரசு அறிவித்தது முதலாக, அதன் கூடங்களில் எது நிற்க வேண்டும், எது தொங்க வேண்டும் என்பது பற்றிக் காவேரிக் கரையில் அபிப்பிராயங்களுக்குக் குறைவே இல்லை. செப்புத் திருமேனிகளுக்கே முதலிடம் என்கிறார்கள் சிற்ப ரசிகர்கள். கல்லணையையும் ஏரியையும் வாய்க்காலையும் விட்டுவிட்டுச் சோழ சரித்திரம் சொல்வதாவது என்கிறார்கள் நிலத்தோடு வாழ்ந்து பழகியவர்கள். குடவோலை முறைக்கு ஒரு தனி அறை வேண்டும் என்கிறார்கள் அரசியல் பேசுகிறவர்கள். இத்தனை பேதங்களுக்கும் நடுவில் எல்லோரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கங்கையையும் கடாரத்தையும் கண்ட அந்தச் சைனியத்தின் பெருமை, உள்ளே நுழைகிற சிறுவனின் நெஞ்சை விட்டு அகலாதபடி காட்டப்பட வேண்டும் என்பதே அது. அந்த ஆசையில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், படையைக் காட்டுவதென்றால் யாரைக் காட்டுவது, எந்த உருவத்தில் காட்டுவது என்ற கேள்விகளை ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஏனெனில், கண்ணாடி இழையில் வார்த்த ஆளுயரத்துக்கு மேற்பட்ட வீரர் பொம்மைகளும், இருட்டறைக்குள் யானை பிளிற வாள்கள் மோதும் ஒலி ஒளிக் காட்சிகளும், யாரும் அழைக்காமலே வந்து கூடங்களை நிரப்பிவிடும் காலம் இது.

என் யோசனை எளிமையானது. சோழர் படையைப் பற்றிய கூடத்தில் பொம்மைகளைக் குறைத்து, சுவர் நெடுகச் சித்திரக்கதையாக, கட்டம் கட்டமாக, நல்ல சித்திரக்காரர்களைக் கொண்டு வரைந்து வைக்க வேண்டும் என்கிறேன். இதைக் கேட்டவுடன் சிலர் முகத்தில் ஒரு புன்னகை அரும்புவது இயல்பு. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை அனுப்பி வைத்த நாளிலிருந்து, பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து, பிடிபட்டு, உதை வாங்கிய தலைமுறைகள் இங்கே உண்டு. அவர்களுக்குச் சித்திரக்கதை என்றால் விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. ராஜராஜனின் சைனியத்தை அந்த வரிசையில் கொண்டுபோய் உட்கார வைப்பது அபசாரம். தஞ்சைத் தரணியில் இருந்துகொண்டு இப்படி ஆட்சேபிப்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்துக்குப் போய், ஐராவதேசுவரர் கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள அடித்தளத்தை நிதானமாகப் பார்த்து வருகிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் ராஜராஜன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த அக்கோயிலில், நாயன்மார்களின் கதைகள் சின்னஞ்சிறு சிற்பக் கட்டங்களாக ஒன்றையடுத்து ஒன்றாகச் செதுக்கப்பட்டு, இன்னாருடைய கதை இன்னது என்று கல்லிலேயே பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே கட்டத்துக்குள் ஒரே மனிதர் இரண்டு முறை தோன்றுவதும் அங்கே உண்டு. முன் நடந்ததும் பின் நடந்ததும் அடுத்தடுத்து நிற்க, நடுவிலுள்ள காலத்தைப் பார்க்கிறவன் தன் மனத்தால் கடந்துகொள்கிறான். பெரிய கோயிலில் ராஜராஜன் திருவாயிலின் அடித்தளத்தில் புராணக் கதைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-இல் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களிலோ, சுந்தரரின் கல்யாணத்தை ஓலையும் கையுமாக வந்து கிழவர் நிறுத்துவதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அவ்வழக்கு விசாரிக்கப்படுவதும், இறுதியில் சுந்தரர் வெள்ளானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கைலாயம் போவதும் ஒரே சுவரில் தொடர்ந்து செல்கின்றன. இதைச் சித்திரக்கதை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? சிவகாசி அச்சகங்களுக்கு எண்ணூறு தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் அது வழக்கிலிருந்தது.

வழக்கில் இருந்தது மட்டுமல்ல, நடந்துகொண்டே பார்ப்பதற்கென்று அமைந்திருந்தது. இந்த நுட்பத்தை அருங்காட்சியகத்துக்கு வரைகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்தில் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. கோயிலில் வலம் வருகிறவனுக்கோ கருவறைச் சுவர் வலக்கைப் பக்கத்தில் இருப்பதால், அவன் அச்சுவரை நோக்கித் திரும்பி நின்றால், தன் நடை வலமிருந்து இடமாகப் போவதைக் காண்பான். அருங்காட்சியகத்தில் ஜனங்கள் எந்தத் திசையில் நடத்தப்படுகிறார்களோ அந்தத் திசையில்தான் கதையும் ஓட வேண்டும். அதைக் கட்டடம் கட்டுகிறவரும் சித்திரம் வரைகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யாவிட்டால், போர் முடிந்த பிறகு படை புறப்படுகிற வேடிக்கையை நாம் பார்க்க நேரிடும். ஏழு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் ஒரு வரிசையும், பெரியவர்களின் கண் மட்டத்தில் மற்றொரு வரிசையுமாக வரைவது, விடுமுறை நாளில் குடும்பத்தோடு வருகிற கூட்டத்துக்கு உகந்ததாயிருக்கும் என்பது என் எண்ணம்.

இனி, எதை வரைவது என்ற பெரிய கேள்விக்கு வருவோம். தாராசுரத்துக் கட்டங்கள் விரித்துரைக்கும் பெரியபுராணத்தில் வாளெடுத்தவர்கள் பலர் உண்டு என்பதும், அவர்களில் ஒருவரைக்கூடச் சேக்கிழார் வெறும் கொலை வல்லமைக்காகப் போற்றவில்லை என்பதும் யோசிக்கத்தக்கவை. குடந்தையை அடுத்த எயினனூரில் வாட்பயிற்சி கற்பித்துப் பிழைத்தவர் ஏனாதிநாதர். அவருடைய தொழிற் பெருமையில் பொறாமை கொண்ட அதிசூரன் படையோடு வந்து தோற்றான். பின்னர்த் தனித்துப் பொருவோம் என்று அழைத்து, தன் நெற்றியில் திருநீற்றைப் பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு எதிரே வந்து, வாள் வீசும் தருணத்தில் கேடயத்தை விலக்கினான். திருநீற்றைக் கண்ட ஏனாதிநாதர் போரை அக்கணமே கைவிட்டார். ஆனால் வாளைக் கீழே போடவில்லை. நிராயுதபாணியைக் கொன்ற பழி எதிரிக்கு வந்துவிடக் கூடாது என்று, போர் செய்கிறவரைப் போலவே வாளையும் கேடயத்தையும் ஏந்தியபடி நின்று மாண்டார். நம்பிக்கைக்குரிய கதை இது, சரித்திரம் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். சோழ நாட்டார் படைவீரனை எப்படி மனத்தில் கண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. வரையத் தெரிந்தவன் கையில் இது மூன்றே கட்டங்களில் முடியும், கடைசிக் கட்டத்துக்கு வசனமே தேவைப்படாது.

வாதாபியை அழித்த பல்லவ சேனாபதி பரஞ்சோதி, திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பி வந்து சிறுத்தொண்டராக வாழ்ந்ததும் இதே டெல்டா மண்ணின் கதைதான்.

ஆனால் இவை யாவற்றுக்கும் மேலாக, பெரிய கோயிலின் உள்சுற்றிலுள்ள திரிபுராந்தகர் ஓவியத்தைத்தான் நான் முன்மாதிரியாகச் சொல்வேன். ராஜராஜன் காலத்து யுத்த மனோபாவத்துக்கு உகந்த தெய்வம் முப்புரம் எரித்த அந்த வில்லாளி. விமானத்தின் மேல்தளக் கோட்டங்களிலும் அவ்வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. உள்சுவரில் பிரமன் தேரோட்ட, வில்லை வளைத்து, விசுவரூபமாக நிற்கிறான் இறைவன். எதிரே அசுரர்கள் சீறி எழுகிறார்கள். இதுவரையில் எந்த அரசனும் தன் ஓவியனிடம் எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் அந்த ஓவியன் இதோடு நிற்காமல், போருக்கு எழும் அசுரர்களைக் கட்டிக்கொண்டு கண்ணீரும் கலக்கமுமாய் இருக்கும் அவர்களுடைய பெண்களையும் வரைந்திருக்கிறான். அரசன் கட்டிய கோயிலில், அரசன் வணங்கும் இடத்துக்கு மிக அருகில், வெற்றியின் மகத்துவத்தைத் தீட்டுவதற்கென்றே அமர்த்தப்பட்டவன், தோற்கிற பக்கத்துப் பெண்ணின் பயத்துக்கு இடம் கொடுத்தான். அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. சோழர் அருங்காட்சியகத்தில் படையை வரையப்போகிற இன்றைய சித்திரக்காரன், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தப் பெயர் தெரியாத ஓவியனைவிடக் குறைவான தைரியத்தோடு வரைந்தால், அவன் எவ்வளவு பளபளப்பாக வரைந்தாலும் சோழர் மரபுக்கு வாரிசு ஆகமாட்டான்.

யாரை வரைவது என்பதற்கும் அந்தக் கோயிலே வழி காட்டுகிறது. அதன் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. மும்முடிசோழத் தெரிந்த பரிவாரத்தார், கேரளாந்தகத் தெரிந்த பரிவாரத்தார், பெருந்தனத்து வலங்கை வேளைக்காரப் படைகள், சிறுதனத்து வலங்கை வேளைக்காரப் படைகள், ஆனையாட்கள், குதிரைச் சேவகர் என்று படிக்கும்போதே ஓர் அணிவகுப்பு கண்முன் நடக்கிறது. சோழ நாட்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் தெரிஞ்ச கைக்கோளர் என்ற படைகளும் வருகின்றன. பிற்காலத்தில் தறியோடு பிணைந்துவிட்ட அப்பெயர் அன்று வாளோடும் பிணைந்திருந்தது. ஆனால் ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. அதே கல்வெட்டுகள், கோயிலுக்கென்று பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்றும் சொல்கின்றன. நாவிதன் பெயரும் தையற்காரன் பெயரும் கணக்கன் பெயரும் உண்டு. திருச்சுற்று மாளிகை எடுப்பித்த சேனாபதி கிருஷ்ணன் ராமனான மும்முடிச்சோழ பிரமமாராயனின் பெயரும் உண்டு. ஈட்டி பிடித்து நடந்த சாமானியச் சிப்பாய்க்கு மட்டும் படைப்பிரிவின் பெயரே பெயர். அவனை வரைய வேண்டும். நெல் விளையும் ஊர் ஒன்றிலிருந்து புறப்பட்டு, துங்கபத்திரைக் கரையில் எங்கோ விழுந்து, ஊர் திரும்பாத அவனுக்குக் கற்பனையாக ஒரு பெயரைச் சூட்ட வேண்டியதில்லை. ஒரு முகத்தைக் கொடுத்தால் போதும். அரசனின் முகத்தைப் பார்க்க ஜனங்களுக்கு வேறு ஆயிரம் இடங்கள் இருக்கின்றன.

உருவம் கொடுக்கும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். தமிழர் மனத்தில் இன்று சோழ வீரன் எந்தக் கோலத்தில் நிற்கிறானோ, அந்தக் கோலத்தில் பெரும்பகுதி, 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடர்ந்து வெளிவந்தபோது மணியம் தீட்டிய சித்திரங்களிலிருந்து வந்தது. மீதி, நாடக மேடையிலிருந்தும் 1973-இல் சிவாஜி கணேசன் நடித்த ‘ராஜராஜ சோழன்’ முதலாகத் திரைப்படங்களிலிருந்தும் வந்தது. மணியத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் சிற்பங்களையும் ஓவியங்களையும் நேரில் போய்ப் பார்த்துப் பயின்ற பிறகே வரைந்தவர். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர், போய்ப் பார்க்காமல் அவரையே பார்த்து வரைந்தார்கள். அவர்களைப் பார்த்து வேறு சிலர் வரைந்தார்கள். இப்படியே கைமாறிக் கைமாறி, ரோமாபுரிச் சிப்பாயின் மார்புக் கவசமும், எங்கிருந்து வந்ததென்று ஒருவராலும் சொல்ல முடியாத தலைக்கவசமும் சோழ வீரனுக்கு ஏறிவிட்டன. நம் கோயில் சிற்பங்களில் வாளும் கேடயமும் ஏந்தி நிற்பவர்களோ பெரும்பாலும் திறந்த மார்பும், இறுகக் கட்டிய அரையாடையும், முடிந்த கொண்டையுமாகத்தான் காட்சி தருகிறார்கள்.

கப்பலின் கதை இன்னும் மோசம். புலி முகம் வைத்த போர்க்கப்பல்களைச் சுவரொட்டிகளிலும் அட்டைப் படங்களிலும் எத்தனையோ பார்த்துவிட்டோம். ராஜேந்திரன் 1025-இல் கடாரத்துக்கு அனுப்பிய மரக்கலம் இன்ன வடிவினது என்று திட்டமாகக் காட்டும் சோழர் காலத்துச் சிற்பமோ ஓவியமோ ஒன்றும் நம் கையில் இல்லை. அலைகடல் நடுவே பல கலம் செலுத்திய செய்தியையும், வென்ற ஊர்களின் நீண்ட பட்டியலையும் அவன் கல்வெட்டுகளின் புகழுரையாகிய மெய்க்கீர்த்தி சொல்கிறது. கலத்தின் வடிவத்தைச் சொல்லவில்லை. இத்தகைய இடங்களில் சித்திரக்காரன் என்ன செய்ய வேண்டும்? தெரிந்ததை அழுத்தமான மையால் வரைந்து, ஊகத்தைப் புள்ளிக் கோட்டால் வரையலாம் என்பது என் துணிபு. பார்க்கிற பிள்ளைகள் ஏன் இந்தக் கப்பல் மட்டும் புள்ளியாயிருக்கிறது என்று கேட்பார்கள்; அந்தக் கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் பதில், பத்து பொம்மைகள் கற்பிக்காததைக் கற்பித்துவிடும். சலனப் படத்தில் இதைச் செய்ய முடியாது, பொம்மையிலும் முடியாது, கோட்டுச் சித்திரத்துக்கே உரிய சௌகரியம் இது.

அடுத்தது கசப்பான பகுதி. சோழ சைனியத்தைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டது மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. எதிரே நின்றவர்கள் சொன்னது வேறிடங்களில் இருக்கிறது. கன்னட நாட்டில் தார்வார்ப் பகுதியைச் சேர்ந்த ஹொட்டூரில் 1007-ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று, ஒன்பது லட்சம் பேர் கொண்ட சோழப் படை வந்து நாட்டைச் சூறையாடியதென்றும், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதென்றும் குற்றம் சாட்டுகிறது. இலங்கையின் சூளவம்சமோ, அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சென்ற சோழர்கள் விகாரைகளின் செல்வத்தையெல்லாம் ரத்தம் குடிக்கும் யட்சர்களைப்போல உறிஞ்சிவிட்டார்கள் என்று வைகிறது. எதிரியின் வாக்குமூலத்தில் மிகை இருக்கும். ஒன்பது லட்சம் என்ற கணக்கை எந்தச் சரித்திராசிரியரும் அப்படியே ஏற்பதில்லை. 1225-இல் சீன அதிகாரி சாவ் ரூகுவா எழுதிய நூலில், சோழ நாட்டரசனிடம் அறுபதினாயிரம் போர் யானைகள் இருந்தன என்றும், அவற்றின் முதுகில் அமைத்த வீடுகளில் வீரர்கள் இருந்து தூரத்தில் அம்பும் அருகில் ஈட்டியும் கொண்டு பொருதார்கள் என்றும் வரும் செய்தியை மட்டும், நமக்கு அனுகூலமாயிருப்பதால், ஒரு சந்தேகமும் இல்லாமல் மேடைகளில் முழங்குகிறோம். அறுபதினாயிரம் யானைக்குக் கூசாத நாக்கு, ஹொட்டூரைச் சொல்லக் கூசுவதேன்?

இதற்கு உகந்த காட்சிப்பொருள் தஞ்சையிலேயே இருக்கிறது. அரண்மனைக் கலைக்கூடத்தில் கல்லாலான துவாரபாலகர் ஒருவர் நிற்கிறார். முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியரின் தலைநகராகிய கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்தவர் இவர் என்று அவருடைய பீடத்திலேயே தமிழில் வெட்டியிருக்கிறது. தாராசுரத்தில் நெடுங்காலம் நின்றுவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். சோழச் சிற்பத்துக்குப் பழகிய கண்ணுக்கு அவருடைய அங்க லட்சணங்கள் அந்நியமாயிருப்பது உடனே தெரியும். கலைக்கூடத்துக்கு வருகிறவர்களில் அவர் எதிரே நிற்கிறவர்கள் சொற்பம்; வெண்கல நடராஜரை நோக்கி விரைகிற வேகத்தில் அவரைக் கடந்துவிடுகிறார்கள். அவருக்கு அருகில் பன்னிரண்டு கட்டங்களில் ஒரு கதை வரையப்பட்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். இன்று கர்நாடகத்தில் பசவகல்யாண் எனப்படும் அந்நகரத்தின் வாயிலில் அவர் காவல் நின்றது, நகரம் எரிந்தது, இத்தனை கனமான கல்லைப் பெயர்த்து ஏற்றியது, மனிதரும் மாடுகளும் ஆறுகளைக் கடந்து காவேரி வரையில் இழுத்து வந்தது, சிற்றுளி கொண்டு ஒரு தமிழ்த் தச்சன் பீடத்தில் அந்த வாக்கியத்தை வெட்டியது என்று. வழியில் நடந்தவையெல்லாம் ஊகம். ஆகவே புள்ளிக் கோடு. முதலும் முடிவும் கல்லிலுள்ள சத்தியம். வெற்றியையும் கொள்ளையையும் ஒருசேரச் சொல்ல வேறு பிரசங்கம் எதற்கு?

இப்படி வரைவது முன்னோரை அவமதிப்பதாகும் என்று சிலர் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும், கொண்டுவந்தோம் என்று கல்லில் வெட்டி வைத்த முன்னோர் அதைப்பற்றி வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை, மறைக்க வேண்டும் என்ற எண்ணம் நம்முடையதே தவிர அவர்களுடையதன்று. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜயத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலத்து நெல் வருவாயை 1006-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி வைத்தவன் ராஜராஜன். இருபது ஆண்டுகள் கழியுமுன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கலம் செலுத்தியவன் அவன் மகன். இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்த கட்டங்களில் வரைந்துவிட்டு, காரணத்தைப் பார்க்கிறவர்களே யோசிக்கும்படி விட்டுவிடலாம். வியாபாரமா, மானமா, சீனத்துக் கடல்வழியா என்று சரித்திராசிரியர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிற நாடுகளிலும் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 1066-இல் இங்கிலாந்தை நார்மானியர் வென்ற வரலாற்றைச் சுமார் எழுபது மீட்டர் நீளத் துணியில் ஊசிவேலையாகத் தைத்து வைத்த பேயோ நகரத்துத் திரைச்சீலை, ராஜேந்திரனின் நூற்றாண்டைச் சேர்ந்தது. வென்றவர்களுக்காகத் தைக்கப்பட்டதுதான், ஆயினும் அதன் கீழ் விளிம்பில் மாண்டவர்களின் கவசங்களை உயிரோடிருப்பவர்கள் உரித்தெடுப்பதையும், தீ வைக்கப்பட்ட வீட்டிலிருந்து ஒரு தாய் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுவதையும் அது காட்டுகிறது. அதை முன்மாதிரியாகக் கொண்டு ஜோ சாக்கோ என்ற சித்திரக்கதை ஆசிரியர், 1916 ஜூலை 1-ஆம் தேதி சோம் நதிக்கரையில் தொடங்கிய யுத்தத்தின் முதல் நாளை, ஒரு சொல்கூட இல்லாமல், இருபத்துநான்கு அடி நீளச் சித்திரமாக வரைந்து 2013-இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் படையில் மட்டும் பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்ட நாள் அது. மறு ஆண்டு அந்தச் சித்திரம் பாரிஸ் நகரத்துச் சுரங்க ரயில் நிலையமொன்றின் நெடுஞ்சுவரில் பெருக்கி வைக்கப்பட்டபோது, வேலைக்கு விரைகிறவர்கள் அந்தப் படையோடு கூடவே நடந்தார்கள். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது ஆறு வயதுப் பையனாயிருந்த கெய்ஜி நாகசாவா, தான் கண்டதை 1973 முதல் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில்தான் சித்திரக்கதையாக வரைந்தார். சித்திரக்கதைக்கு எடை போதாது என்று எண்ணுகிறவர்கள் அதைப் பார்க்கலாம்.

வெற்றி ஸ்தம்பம் என்ற வேறொரு வழியும் நம் கடற்கரையில் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் முறியடித்ததைக் கொண்டாடி, இரண்டாம் சரபோஜி மன்னர் சாளுவநாயக்கன்பட்டினத்தில் 1814-ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய மனோராவைத்தான் சொல்கிறேன். எட்டு அடுக்கு அழகிய கோபுரம். காற்று வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் யாருடைய யுத்தம், எவர் செத்தார், தஞ்சாவூர் ராஜாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதை அந்தக் கோபுரம் ஒருநாளும் பட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு விளங்க வைத்ததில்லை. அதே காலத்தில் தஞ்சை ஓவியர்கள் கம்பெனித் துரைமார்களுக்காக வரைந்து கொடுத்த ஏடுகளில், சிப்பாயும் அவன் மனைவியும் ஜோடியாக நிற்கும் சித்திரங்களைப் பார்த்தால், உடுப்பும் துப்பாக்கியும் பாதரட்சையும் பெண்ணின் புடவைக் கட்டும் இன்றைக்கும் கண்முன் நிற்கின்றன. இரண்டும் தஞ்சை தந்தவை. எது மனிதனைக் காட்டுகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டங்களுக்குள் வீரர்கள் பேசத்தான் வேண்டுமென்றால், மேடை நாடகத்து அடுக்குமொழியை அவர்கள் வாயில் திணிக்காதிருக்கும்படி மன்றாடுகிறேன். வயலிலிருந்து போனவன் வயல்காட்டுத் தமிழில் பேசட்டும், இல்லையெனில் மௌனமாயிருக்கட்டும்.

இவற்றையெல்லாம் செய்ய ஆட்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. தஞ்சையில் பிறந்து, அந்தக் கும்பகோணத்திலேயே சித்திரம் பயின்று, ஒரு சொல்லும் இல்லாமல் ஒரு குடும்பத்தின் முழுக் கலவரத்தையும் நான்கு கட்டங்களில் காட்டிச் சிரிக்க வைத்த கோபுலுவின் ஜில்லா இது. சரஸ்வதி மகாலும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆடை, ஆயுதம், கல்வெட்டு என்று எதில் சந்தேகம் வந்தாலும் கேட்டுத் தெளிய அறிஞர்கள் உண்டு. இல்லாதது ஒன்றே, சித்திரக்காரனுக்குரிய மரியாதை. இத்தகைய வேலைகளில் சித்திரக்காரன் கட்டட ஒப்பந்தக்காரரின் கீழே சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமர்த்தப்படுகிறான்; அவனுக்கு இரண்டு மாதம் கெடு; அவன் வரைந்ததைத் திருத்தும் அதிகாரம் வரையவும் படிக்கவும் தெரியாத பலருக்கு; திறப்பு விழாக் கல்வெட்டில் அவன் பெயர் இராது. நாவிதனுடைய பெயரையும் விடாமல் வெட்டி வைத்த கோயிலுக்கு அருகில் எழப்போகும் அருங்காட்சியகத்தில் அப்படி நடப்பது நியாயமில்லை. ஆகவே அரசையும், அருங்காட்சியகத்துக்குத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: படைக்கூடத்தின் சித்திர வேலையைக் கட்டட ஒப்பந்தத்திலிருந்து பிரித்துவிடுங்கள், சித்திரக்காரர்களையும் கல்வெட்டறிஞர்களையும் நேரடியாக நியமித்து, தாராசுரத்தையும் பெரிய கோயிலையும் ஹொட்டூரையும் அவர்கள் போய்ப் பார்த்துவரக் குறைந்தது ஓராண்டு அவகாசம் கொடுங்கள், வரைந்தவர் பெயரைச் சுவரில் எழுதுங்கள்.